ஷெர்லாக் – 'தி பிளைண்ட் பேங்கர்': எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் சரிகிறது? (முழுக்கதையும் பேசப்படும்)

நிழல்வேட்டை

பிபிசியின் ஷெர்லாக் தொடரை வரிசைப்படுத்தச் சொன்னால் முதல் சீசனின் இரண்டாம் அத்தியாயத்தைக் கடைசியில் போடுவது வழக்கமாகிவிட்டது. 2010 ஆகஸ்ட் 1 அன்று ஒளிபரப்பானது. எழுத்து ஸ்டீபன் தாம்ப்சன், இயக்கம் யூரோஸ் லின். முந்தைய வாரம் 'எ ஸ்டடி இன் பிங்க்', அடுத்த வாரம் 'தி கிரேட் கேம்'. இரண்டு பலசாலிகளுக்கு நடுவே நிற்கிறது, அதனால் இன்னும் மெலிந்து தெரிகிறது. கதை இதுதான்: பிளாக் லோட்டஸ் என்ற சீனக் கடத்தல் கும்பல், காணாமல் போன ஒரு பச்சைக்கல் ஊசியைத் தேடி லண்டனில் தன் ஆட்களையே கொல்கிறது. கொல்லும் முன் சுவரில் எழுதும் குறியீடுதான் மிரட்டல்.

"மோசம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே அத்தியாயத்துக்குள் தொடரின் மிக நேர்த்தியான துப்பறிதலும் இருக்கிறது, மிகச் சோம்பேறித்தனமான திருப்பமும் இருக்கிறது. இப்படிப்பட்ட அத்தியாயத்துக்கு மொத்தமாக மதிப்பெண் போட்டால் எதுவும் விளங்காது. ஒவ்வொரு தடயத்தையும் எடுத்து "இதை ஷெர்லாக் யோசித்துக் கண்டுபிடித்தானா, இல்லை கதாசிரியர் கையில் கொடுத்தாரா?" என்று கேட்க வேண்டும்.

யோசித்துக் கண்டுபிடித்ததற்கு வங்கிக் காட்சியைச் சொல்வேன். முன்னாள் சேர்மனின் ஓவியத்தில் கண்களுக்குக் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு, பக்கத்துச் சுவரில் ஒரு கிறுக்கல். கண்காணிப்புக் கேமரா நிமிடத்துக்கு ஒரு படம்தான் எடுக்கிறது. ஒரு படத்தில் சுவர் சுத்தம், அடுத்ததில் பெயின்ட். அந்த அறையின் கதவு திறந்ததாகப் பதிவே இல்லை. ஷெர்லாக்கை அழைத்த வங்கி அதிகாரி வில்க்ஸ் "எப்படி உள்ளே வந்தான்?" என்பதிலேயே நிற்கிறார். ஷெர்லாக் "யாருக்காக எழுதினான்?" என்று போகிறான். டிரேடிங் தளம் முழுக்கக் குனிந்தும் நிமிர்ந்தும், தூணுக்குப் பின்னே மறைந்தும் நடந்து, அந்த ஓவியம் நேராகக் கண்ணில் படும் இருக்கையைத் தேடுகிறான். ஒரே ஒரு அறைதான் தேறுகிறது: ஹாங்காங் கணக்குகளைப் பார்க்கும் எடி வான் கூன். அந்த நடையில் வசனமே இல்லை, பார்க்கிற நாமும் கூடவே கோணம் பார்க்கிறோம்.

கொடுக்கப்பட்டதற்கு, அந்தக் குறியீட்டை அவிழ்க்கும் புத்தகம் எது என்று அவன் கண்டுபிடிக்கும் இடம். அதைப் பிறகு பேசலாம். உங்கள் பட்டியல் என்ன?

வளர்மதி

வான் கூன் வீட்டையும் இதில் சேர்க்க வேண்டும். உள்பக்கம் பூட்டிய வீடு, வலப்பக்க நெற்றிப்பொட்டில் குண்டு. தற்கொலை என்று இன்ஸ்பெக்டர் டிம்மாக் முடித்துவிடுகிறார். ஷெர்லாக் அந்த ஆள் இடக்கையன் என்று காட்டுகிறான்: காபி மேசை நாற்காலிக்கு இடப்பக்கம், கோப்பையின் பிடி இடப்பக்கம் பார்க்கிறது, சுவரில் இடப்பக்க பிளக் மட்டும் புழங்கியிருக்கிறது, போனுக்கு இடப்பக்கம் பேனாவும் தாளும் (வலக்கையில் ரிசீவர், இடக்கையால் எழுத்து). கடைசியில் ரொட்டிப் பலகையில் கிடக்கும் கத்தி: வெண்ணெய் அலகின் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

வெண்ணெய் விஷயத்தைச் சமையலறையில் நின்று சோதித்துப் பார்க்கலாம். கத்தியை இடக்கையில் பிடித்து ரொட்டியில் தடவுங்கள். வெட்டும் விளிம்பைக் கீழே வைத்து அதைப் பலகையில் போட்டால் வெண்ணெய் எந்தப் பக்கம் என்று தெரியும். வலக்கையில் எடுத்தால் அப்படியே மாறிவிடும். சின்னத் தடயம், ஆனால் பொய் சொல்லாது. சாவு சம்பந்தப்பட்ட பொருள் ஒன்றையும் அவன் தொடவில்லை, அந்த ஆள் உயிரோடு இருந்தபோது தினமும் செய்ததை மட்டும் படிக்கிறான். எனக்கு இந்த அத்தியாயத்தின் உச்சம் இதுதான்.

தாள்கப்பல்

இருவரும் சொன்னது சரி. ஆனால் அந்த நல்ல பகுதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சரிவின் காரணமும் அங்கேயே கிடைக்கும்.

கோனன் டாயிலின் மூன்று கதைகளை இதில் பிசைந்திருக்கிறார்கள். சுவரில் வரைந்த குறியீடு 'டான்சிங் மென்' (1903). பூட்டிய அறைக்குள் உயரத்தில் ஏறி வரும் கொலையாளி 'சைன் ஆஃப் ஃபோர்' (1890). புத்தகத்தை வைத்து அவிழ்க்கும் எண்கள் 'வேலி ஆஃப் ஃபியர்'. மூன்றாவதை எப்படிக் கையாண்டார் என்பதில்தான் டாயிலுக்கும் தாம்ப்சனுக்கும் உள்ள தூரம் தெரிகிறது.

'வேலி ஆஃப் ஃபியர்' கதையில் ஹோம்ஸ் கையில் எண்கள் மட்டும் வருகின்றன, புத்தகத்தின் பெயர் வரவில்லை. 534 என்று தொடங்குகிறது, அடுத்து சி2. ஹோம்ஸ் நாற்காலியை விட்டு எழாமல் வாதம் கட்டுகிறார். 534 பக்க எண் என்றால் புத்தகம் தடிமன். சி2 இரண்டாவது பத்தி, அதனால் இரண்டு பத்தியாக அச்சான புத்தகம். பெயர் சொல்லாமலே அனுப்பினான் என்றால் எல்லார் வீட்டிலும் இருப்பது, எல்லாப் பிரதியும் ஒரே பக்க அமைப்பு கொண்டது. பைபிள்? பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், தள்ளு. ரயில்வே அட்டவணை? சொற்கள் போதாது, தள்ளு. அகராதியும் அதே காரணத்தால் போகிறது. மிஞ்சுவது விட்டேக்கர் பஞ்சாங்கம். புது ஆண்டுப் பிரதியில் முதல் சொல் 'மராத்தா' என்று வந்து பொருள் கெடுகிறது. ஜனவரி முதல் வாரம்தானே நடக்கிறது, எதிராளி பழைய ஆண்டுப் பிரதியையே வைத்திருக்கலாம் என்று அதைப் புரட்டுகிறார், செய்தி அவிழ்கிறது. வழுக்கி விழுந்து எழுவதுகூட அங்கே தர்க்கத்துக்குள்தான்.

தொலைக்காட்சியில் என்ன நடக்கிறது? இறந்த இரண்டு பேர் (வான் கூன், அடுத்துக் கொல்லப்பட்ட பத்திரிகைக்காரர் லூக்கிஸ்) வீட்டுப் புத்தகங்களையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கி, ராத்திரி முழுக்க ஒவ்வொன்றிலும் சுவர்க் குறியீடு சொன்ன 15ஆம் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். வேலை நடக்கிறது, யோசனை நடக்கவில்லை. கடைசியில் தெருவில் ஜெர்மன் சுற்றுலாப் பயணிகள் மேல் மோதுகிறான், அவர்கள் கையில் லண்டன் ஏ–இசட் வரைபடப் புத்தகம். தீர்ந்தது.

நிழல்வேட்டை

அதேதான். இதில் இன்னொரு தந்திரமும் கசக்கிறது. முன்பு அந்தக் கும்பலில் இருந்து, இப்போது அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் சூ லின் யாவ் எல்லாம் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறாள். கடத்தல்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், அந்தக் குறியீடு ஒரு புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டது என்கிறாள். புத்தகத்தின் பெயர் வாயில் வரும் நேரம் விளக்கு அணைகிறது.

சாட்சி பெயரைச் சொல்லப் போகும்போது வெளிச்சம் போவது எழுத்தாளருக்கு வழி தெரியாதபோது வருவது. அவள் அந்தப் பெயரைச் சொல்ல மறுத்திருந்தால், கொலையாளி தன் அண்ணன் என்பதால் தயங்கியிருந்தால், அது பாத்திரத்தின் செயலாக இருந்திருக்கும். அதற்குத் தேவையான எல்லாம் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

எண்சுவடி

குறியீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில் பாராட்டவும் இருக்கிறது, திருத்தவும் இருக்கிறது.

சுவரில் இருப்பது சீன வியாபாரிகளின் எண்கள். தொடரில் 'ஹாங்சோ' எண்கள் என்கிறார்கள். சரியான பெயர் சூசோ எண்கள். இந்தத் தவறுக்குத் தொடரை மட்டும் குறை சொல்ல முடியாது, கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு தரத்திலேயே இவை ஹாங்சோ என்று தவறாகப் பதிவாகி, பெயரை மாற்ற முடியாத விதியால் அப்படியே நிற்கின்றன. ஆனால் "பழைய சீன வட்டார மொழியில் எழுதிய எண்கள்" என்கிற மாதிரி ஷெர்லாக் சொல்வது தப்பு. இது எழுத்துமுறை, பேச்சுமொழி அல்ல. கணக்குக் குச்சிகளை அடுக்கும் முறையிலிருந்து வந்தது, சந்தையில் விலை எழுதவும் கணக்குப் புத்தகத்திலும் புழங்கியது.

அமைப்பு இப்படி. ஒன்று, இரண்டு, மூன்று நேர்க்கோடுகள். நான்கு பெருக்கல் குறி போல. ஐந்து சுழித்து எழுதப்படும். ஆறு, ஏழு, எட்டு மேலே ஒரு நிமிர்ந்த கோடும் கீழே முறையே ஒன்று, இரண்டு, மூன்று படுக்கைக் கோடுகளும். ஒன்று முதல் மூன்று வரையான எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் குழப்பம் வராமலிருக்க ஒன்றை நிமிர்த்தியும் அடுத்ததைப் படுக்கவைத்தும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் 21 என்பதும் 12 என்பதும் 3 என்பதும் மூன்று கோடுகளாகவே தெரியும்.

இப்போது ஓவியத்துக்கு வாருங்கள். சுவரில் இருந்த கிறுக்கல் 15. கண்களுக்குக் குறுக்கே இருந்த படுக்கைக் கோடு 1. நாம் அதைக் கண்ணைக் கட்டியது என்று நினைத்தோம், தலைப்பும் அப்படியே நினைக்க வைத்தது. சைனாடவுன் கடையில் ஒரு விலைச் சீட்டைப் பார்த்து வாட்சன்தான் அந்தக் கிறுக்கல் 15 என்று பிடிக்கிறார், ஷெர்லாக் அந்தக் கோடு 1 என்று முடிக்கிறான். நான் இதை நியாயமான தடயம் என்பேன், முதல் நிமிடங்களிலிருந்தே நம் கண் முன்னால் இருந்தது. சாதாரண எண்களில் "15, 1" என்று எழுதியிருந்தால் வங்கியில் எல்லாருமே யோசித்திருப்பார்கள். இப்படி எழுதியதால் தெருப் பையன்கள் கிறுக்கியது என்று போய்விட்டார்கள். ஒளித்துவைத்த இடம் அபாரம். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது மாதிரி, நடுக்கூட்டத்தில் நடக்கும், உள்ளே இருப்பவனுக்கு மட்டும் தெரியும்.

புத்தகக் குறியீட்டின் பலம், ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருவதை எண்ணி உடைக்க முடியாது. 'டான்சிங் மென்' கதையில் அதிகம் வரும் உருவம் ஆங்கில 'ஈ' என்று தொடங்கித்தான் ஹோம்ஸ் உடைக்கிறார், இங்கே அந்தக் கதவு மூடியிருக்கிறது. பலவீனம் இரண்டு. எழுதியவனும் படிப்பவனும் ஒரே பதிப்பை வைத்திருக்க வேண்டும். புத்தகத்தில் இல்லாத சொல்லை அனுப்ப முடியாது.

ஏ–இசட் இரண்டாவதில் மாட்டுகிறது. 15ஆம் பக்கம், முதல் பதிவு 'டெட்மேன்ஸ் லேன்', அதிலிருந்து 'டெட் மேன்', நீ செத்தாய் என்கிற மிரட்டல். இது கச்சிதம். ஆனால் ரயில் பாதையோரச் சுவரில் இருந்த நீளமான செய்தி அவிழும்போது வருவது: நைன், மில், ஃபார், ஜேட், பின், டிராகன், டென், பிளாக், டிராம்வே. ஒன்பது சொல், பதினெட்டு எண். வீதிப் பெயர்ப் பட்டியலில் மில், பிளாக், டிராம்வே எல்லாம் நிச்சயம் கிடைக்கும். 'ஃபார்' மாதிரி இணைப்புச் சொல்லுக்கு ஏதோ ஒரு பெயரின் தலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கரையோரம்_லண்டன்

எண்சுவடி அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். ஏ–இசட் புத்தகத்தை எடுத்துப் பார்த்தியள் எண்டால் முன்பக்கம் முழுக்க வரைபடம்தான். வீதிப் பெயர்ப் பட்டியல் பின்னுக்குத்தான் இருக்கு. பட்டியலில ஒவ்வொரு வீதிக்கும் பக்கத்தில வரைபடப் பக்கமும் கட்டத்தின்ர எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும். அப்ப 15ஆம் பக்கத்தில 'முதல் பதிவு' எண்டு ஒண்டைத் தேடினால் சாதாரணமா வரைபடம்தான் வரும், பட்டியல் வராது. அதோட 'டி' எழுத்து பட்டியலின்ர முதல் பக்கங்களில வரவும் மாட்டுது, அதுக்கு முன்னால ஏ, பி, சி எண்டு எத்தினை பக்கம் போகோணும்.

பதிப்புப் பிரச்சினையும் சின்னதில்லை. 1936இல தொடங்கின நிறுவனம் அது, திரும்பத் திரும்பப் புதுப் பதிப்பு விடுறவை. புது வீதி ஒண்டு சேர்ந்தாலே கீழ இருக்கிறதெல்லாம் ஒரு வரி தள்ளிப்போகும். சைஸும் பல விதம்: பொக்கெட், ஸ்பைரல், பெரிசு. 'எல்லாரிட்டயும் இருக்கிற புத்தகம்' எண்டது உண்மைதான், 'எல்லாரிட்டயும் ஒரே மாதிரி இருக்கிற புத்தகம்' எண்டது இல்லை. டாயில் பைபிளைத் தள்ளினது இதே காரணத்துக்காகத்தானே.

ஆனா கருத்தாப் பார்த்தால் ஏ–இசட் எண்ட தெரிவு நல்ல தெரிவு. வெளியில இருந்து வாறவனும் உள்ளூர்க்காரனும் சந்தேகமில்லாமல் கையில வச்சிருக்கக்கூடிய ஒரே புத்தகம் அந்தக் காலத்தில அதுதான். அதை ஷெர்லாக்கைக் கொண்டே சொல்ல வச்சிருக்கலாம்.

தாள்கப்பல்

கரையோரம் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் காட்சியைச் சரிசெய்யப் புது வசனமே தேவைப்படாது, ஏற்கெனவே கதையில் இருப்பதை வரிசையாக வைத்தால் போதும். அனுப்புகிறவன் சீனாவிலிருந்து வந்து சில நாள் தங்குகிறவன். வாங்குகிறவர்களில் ஒருவன் வங்கியாளன், ஒருவன் பத்திரிகைக்காரன், ஒருத்தி அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறாள். படிக்கிற விஷயத்தில் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை. மூவருக்கும் பொதுவானது லண்டன் மட்டும். ஆகவே லண்டனைப் பற்றிய புத்தகம். இதைப் பேசிக்கொண்டே நடந்து, அதன் பிறகு அந்தப் பயணிகளைப் பார்த்திருந்தால் அது அவன் யோசனைக்குக் கிடைத்த ஆதாரம். இப்போது வாய்த்த அதிர்ஷ்டமாக நிற்கிறது.

1929இல் ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். ஆறாவது விதி, துப்பறிபவனுக்கு விபத்து எதுவும் உதவக்கூடாது. அதற்கு முந்தைய ஐந்தாவது விதி, கதையில் சீனாக்காரன் வரக்கூடாது. இன்றைக்குக் கேட்க அசிங்கமாக இருந்தாலும் அவர் எழுதியது அக்காலத்து மலிவுக் கதைகளின் பழக்கத்துக்கு எதிராக: மர்மம் வேண்டுமா, ஒரு சீன வில்லனைக் கொண்டுவா என்கிற சோம்பேறித்தனம். இரண்டு விதியையும் 81 வருடம் கழித்து ஒரே அத்தியாயம் மீறுகிறது.

வளர்மதி

இதைப் பேசாமல் மதிப்பிட முடியாது என்று நானும் நினைத்தேன். இந்தத் தொடரின் பெருமையே விக்டோரியா காலத்தை 2010க்குக் கொண்டுவந்ததுதான். தந்திக்குப் பதில் குறுஞ்செய்தி, வாட்சனின் குறிப்பேட்டுக்குப் பதில் வலைப்பதிவு. ஆனால் சீனர்கள் மட்டும் 1890இலேயே நிற்கிறார்கள். 'சைன் ஆஃப் ஃபோர்' கதையில் அந்தமான்காரன் டோங்கா கூரை வழியாக வந்தான், இங்கே 'சிலந்தி' என்று பேர் வைத்த ஆள் மாடி வழியாக வருகிறான். பார்வை மாறவில்லை.

சில்லறைப் பிழைகளும் அந்தப் பார்வையிலிருந்தே வருகின்றன. பிளாக் லோட்டஸ் கும்பலை 'டாங்' என்கிறார்கள், சீனாவைத் தலைமையிடமாகக் கொண்டது என்றும் சொல்கிறார்கள். டாங் என்பது முக்கியமாக வட அமெரிக்காவுக்குப் போன சீனர்கள் அங்கே அமைத்துக்கொண்ட சங்கம். சர்க்கஸ், பச்சைக்கல் ஊசி, காகிதத் தாமரை, குதிகாலில் பச்சை குத்தல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள்.

இதற்கு விலை கொடுப்பது சூ லின். அத்தியாயத்திலேயே முழு மனுஷியாக எழுதப்பட்டவள் அவள்தான். பதினைந்து வயதில் கடத்தலுக்குள் தள்ளப்பட்டு, தப்பித்து, புது வாழ்க்கை தொடங்கி, நேசித்த வேலையைச் செய்தவள். அவளைத் தனியாக இருட்டில் விட்டுவிட்டு, துப்பாக்கிச் சத்தம் கேட்டு வாட்சன் ஓடுகிறார். ராணுவத்தில் இருந்தவர் சாட்சியை விட்டுப் போவாரா? அவள் சாவதற்காகவே அவர் அப்படிப் போகவைக்கப்பட்டார்.

மண்வாசம்

சூ லின் செய்யும் வேலை பற்றி. அந்தத் தேநீர்க் கெண்டிகள் யிஷிங் ஊதாக் களிமண்ணைக் குறிக்கின்றன, ஜியாங்சு மாகாணத்தைச் சேர்ந்தவை. மெருகு பூசாத மண், நுண்துளை உள்ளது. தேநீர் ஊற ஊற மேலே ஒரு மினுக்கம் படியும். சோப்பு போட்டுக் கழுவக்கூடாது, ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேயிலை என்று வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் அவள் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

ஷெர்லாக் அவள் கட்டடத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது, நேற்று ஒரு கெண்டி மட்டும் மினுங்கியது, இன்று இரண்டு என்பதால். கதையாகப் பார்த்தால் மொத்த அத்தியாயத்திலும் அழகான தடயம். கண்ணாடிப் பேழைக்குள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போவது, ஒருத்தியின் அக்கறையை வைத்து அவளைக் கண்டுபிடிப்பது.

பொருளாகப் பார்த்தால் ஒரு ராத்திரியில் அது நடக்காது. படிவு சேர மாதக்கணக்காகும். ஒரு தடவை ஊற்றினால் மண் நனைந்து கறுத்துத் தெரியும், காய்ந்ததும் பழையபடி மங்கிவிடும். துணியால் அழுத்தித் துடைத்திருந்தால் கொஞ்சம் பளபளப்பு நிற்கலாம். இன்னொன்று, நானூறு வருடப் பொருளின் மேல் தேநீர் ஊற்ற அருங்காட்சியகத்துப் பாதுகாப்புப் பிரிவு விடாது. நுண்துளை மண்ணுக்குள் ஈரம் போய் வருவதே அதற்குக் கேடு. ஆனாலும் நான் இதைக் குறையாக எண்ணமாட்டேன். ஏ–இசட் பிழை கதையின் மூட்டையே அவிழ்கிற இடத்தில் இருக்கிறது, இது பாத்திரத்தைச் சொல்கிற இடத்தில் இருக்கிறது.

எண்சுவடி

அந்த வேறுபாட்டை ஒத்துக்கொள்கிறேன். மூட்டை அவிழும் இடத்தில் பிழை வந்தால் மதிப்பெண் போகும், மற்ற இடத்தில் மன்னிக்கலாம்.

கும்பல் லண்டனில் நடத்தும் சர்க்கஸில் வரும் அம்பு எந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. மணல்மூட்டையில் கத்தி குத்துகிறார்கள், மணல் கொட்டுகிறது, மூட்டை இலேசாக ஆக மறுபக்க எடை கீழே இறங்கி கிண்ணத்தைத் தொட்டால் அம்பு பாயும். தண்ணீரானால் மட்டம் குறையக் குறைய வேகம் குறையும். மணலில் அப்படி இல்லை, மேலே எவ்வளவு இருந்தாலும் ஓட்டை வழியே விழும் வேகம் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். அதனால்தான் நாழிகைக் கண்ணாடிக்கு மணல். வித்தைக்காரன் நொடி எண்ணிக் கட்டை அவிழ்க்க முடியும். கடைசியில் சுரங்கத்தில் வாட்சனின் தோழி சாராவைக் கட்டிப்போட்டு அதே எந்திரத்தை வைக்கும்போது அது எப்படி வேலை செய்யும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும், விளக்கத்துக்கு நேரம் வீணாகவில்லை. வாட்சன் அதை உதைத்துத் திசை மாற்றுவதும் அதனால்தான் உடனே புரிகிறது.

நிழல்வேட்டை

சாராவுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. எல்லாரும் வெறித்துப் பார்த்த தாளில் இரண்டு சொல் ஏற்கெனவே மொழிபெயர்த்திருப்பதைக் கவனித்தவள் அவள். சூ லின் சாகும் முன் எழுதிவைத்த 'நைன்', 'மில்'. ஷெர்லாக் பார்க்கத் தவறியதை வெளியாள் பார்க்கிறாள், நியாயமான வழியில்.

இத்தனைக்கும் பிறகு என் கணக்கு: சூ லின் சாகும் வரை பத்துக்கு எட்டு. அங்கிருந்து ஏ–இசட் வரை நான்கு. சுரங்கம் ஆறு.

கரையோரம்_லண்டன்

சுரங்கத்துக்கு ஆறு குறைவு அண்ணை. கும்பலின்ர தலைவி ஜெனரல் ஷான் வாட்சனை ஷெர்லாக் எண்டு நம்பிற காரணங்களை வரிசையாச் சொல்லுறா, கவனியுங்கோ. பொக்கெட்டில ஹோம்ஸ் பேரில டெபிட் கார்ட். ஹோம்ஸ் பேரில ஐயாயிரம் பவுண் காசோலை. சர்க்கஸ் டிக்கெட் எடுத்தது ஹோம்ஸ் எண்ட பேரில. கடைசியா அவரே ஷெர்லாக் மாதிரிப் பேசிக் காட்டின வசனம்.

இதில கார்ட் எங்க இருந்து வந்தது? சூப்பர்மார்க்கெட்டில மெஷினோட சண்டை பிடிச்சு வெறுங்கையோட வந்த வாட்சன், வீட்டில ஷெர்லாக்கின்ர கார்டைக் கடன் வாங்கிக்கொண்டு போற ஆரம்பக் காட்சி. அதைப் பகிடிக் காட்சி எண்டுதான் எல்லாரும் கடந்து போனவை. காசோலை வில்க்ஸ் தந்தது, ஷெர்லாக் வாங்க மாட்டன் எண்டு போக வாட்சன் வாங்கி வச்சது. நாலும் தனித்தனி இடத்தில, நாலு வேற மனநிலையில விதைச்சது. திரும்பப் பார்க்கேக்க ஒவ்வொண்டும் வாற நிமிசத்தைக் குறிச்சு வச்சுப் பாருங்கோ.